பீத்தோவன் சொனாட்டா பதிவுகள்: ஷ்னாபெலுக்கு முதலிடம் சரிதானா?

பொள்ளாச்சி ரசிகன்

கோவையில் அடுத்து கூடும்போது எந்தப் பதிவுகளைப் போட்டுக் கேட்கலாம் என்று பட்டியல் கேட்டிருந்தீங்க. பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களை (தனிப் பியானோவுக்கென்று சில பகுதிகளாக எழுதிய படைப்புகள்) பதிந்த பியானோ கலைஞர்களில் என் வரிசை இது.

1. ஆர்தர் ஷ்னாபெல் (1932 முதல் 1935 வரை, லண்டன்)
2. ஆனி ஃபிஷர் (1977, 78, ஹங்கேரி)
3. வில்ஹெல்ம் கெம்ஃப், 1950களின் மோனோ (ஒற்றைத் தடப் பதிவு) தொகுப்பு
4. எமில் கிலெல்ஸ்
5. மவுரிட்சியோ பொலினி

ஷ்னாபெல் முதலிடத்தில் இருப்பது முதன்முதலில் 32ஐயும் பதிவு செய்தவர் என்ற மரியாதைக்காக இல்லை. கடைசிச் சொனாட்டாவான ஓபஸ் 111இன் (ஓபஸ் என்பது படைப்பு எண்) இரண்டாம் பகுதியை, அதாவது அரியெட்டாவை, அவர் ஆரம்பிக்கிற விதத்தைக் கேளுங்க. அவ்வளவு மெதுவாக எடுத்தும் ராகம் எங்கேயும் அறுந்து விழுவதில்லை. அடுத்த சுரம் எங்கே போகப் போகிறது என்று முதல் சுரத்திலேயே தெரிகிறது. இதைப் பின்னால் வந்த யாரும் இந்த அளவுக்குச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பனியன் கம்பெனி, திருப்பூர்

அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேனுங்க. ஷ்னாபெல் பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்றைக்கு ஒருத்தர் புதுசாகக் கேட்க வருகிறார் என்றால் இதையா முதலில் கொடுப்பது? 78 வேகத் தட்டிலிருந்து எடுத்தது, இரைச்சல் கொட்டுகிறது. அதைவிடப் பெரிய பிரச்சினை தப்பு சுரங்கள். ஹாம்மர்கிளாவியர் சொனாட்டா, ஓபஸ் 106, அதன் கடைசியில் வரும் ஃபியூகைக் (ஒரே ராகத்தைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்கிற அமைப்பு) கேளுங்க. மூன்று குரல்கள் ஒன்றோடொன்று பின்ன வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் குழம்பிக் கிடக்கிறது. எந்தக் குரல் எங்கே நுழைகிறது என்று ஸ்கோரை, அதாவது அச்சிட்ட இசைக்குறிப்பை, பார்த்துக்கொண்டே கேட்டாலும் பிடிபடவில்லை.

பொலினி 1970களில் பண்ணிய கடைசி ஐந்து சொனாட்டாக்களை எடுத்துக்குங்க. ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் கேட்கிறது, வேகமும் குறையவில்லை. பீத்தோவன் எழுதின சுரம் காதில் விழவே இல்லை என்றால் உள்ளார்ந்த புரிதலை நான் எங்கே போய்த் தேடுவது? என்னைப் பொறுத்தவரை பொலினி 1, கிலெல்ஸ் 2. ஷ்னாபெல் முதல் ஐந்தில் வருவதே கஷ்டம்.

பொள்ளாச்சி ரசிகன்

தம்பி, அந்தக் காலத்தில் பதிவு எப்படி நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்க. ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் நாலு, நாலரை நிமிடம்தான் அடங்கும். டேப் கிடையாது, வெட்டி ஒட்ட வழியில்லை. நடுவில் ஒரு சுரம் தவறினால் அந்தப் பக்கம் முழுசையும் மறுபடி வாசிக்க வேண்டும். அதுவும் உள்ளே பதிவாகிற மெழுகுத் தட்டு, வெளியே காத்திருக்கும் சந்தாதாரர்கள். அந்தத் தட்டுகள் முன்கூட்டிப் பணம் கட்டியவர்களுக்கென்று வெளியிடப்பட்டவை. பொலினிக்கு இருந்த வசதி ஷ்னாபெலுக்கு இல்லை.

அப்புறம் இன்னொன்று. பீத்தோவன் 32 சொனாட்டாக்களில் மெட்ரோனோம் எண் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகக் குறி) எழுதிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுக்கு, இந்த ஹாம்மர்கிளாவியருக்குத்தான். முதல் பகுதிக்கு அரைச் சுரத்துக்கு 138. மனுசனால் முடியாத வேகம் என்று முக்கால்வாசிப் பேர் கண்டுகொள்வதே இல்லை. ஷ்னாபெல் அந்த எண்ணை நம்பி வாசித்தார். முதல் பகுதி ஒன்பது நிமிடத்துக்குள் முடிகிறது. கிலெல்ஸ் அதே பகுதிக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது பீத்தோவன் கேட்ட மூர்க்கம் இல்லை. தவறுவோம் என்று தெரிந்தே பாய்கிற துணிச்சல் அந்த இசைக்குள்ளேயே இருக்கிறது.

சாயிபாபா காலனி பியானோ டீச்சர்

பாய்வது சரிங்க, ஆனால் பாய்ந்து போய்ச் சேர வேண்டாமா? நான் பிள்ளைகளை கிரேடு பரீட்சைக்குத் தயார் பண்ணுகிறவள். 138இல் வாசிக்க முடியாமல் சுரங்களை விழுங்கினால், கேட்கிறவர் காதில் வேகம் விழாது, அவசரம்தான் விழும். பியானோ கலைஞர் சாலமன் 1952இல் பதிவு செய்த ஹாம்மர்கிளாவியரைக் கேட்டிருக்கீங்களா? டேப்பில் எடுத்தது, மோனோதான், ஆனால் ஒவ்வொரு சுரமும் துல்லியம். அதன் மூன்றாம் பகுதி, அந்த எஃப் ஷார்ப் மைனர் அடாஜியோ (மெதுவான பகுதி), இருபது நிமிடத்தையும் தாண்டிப் போகிறது. ஒரு இடத்தில்கூட அவர் தன்னை முன்னே நிறுத்துவதில்லை.

அந்த அடாஜியோவின் தொடக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொனாட்டாவை அச்சுக்குக் கொடுத்த பிறகு, லண்டனில் இருந்த தன் மாணவர் ரீஸுக்கு எழுதி, பகுதியின் ஆரம்பத்தில் ஒரு பார் (தாளத்தின் ஒரு கட்டம்) சேர்க்கச் சொன்னார் பீத்தோவன். இரண்டே சுரம், கீழிருந்து மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் அந்தப் பகுதியைக் கற்பனை பண்ண முடியாது. சாலமன் அந்த இரண்டு சுரத்தையும் வைக்கிற விதத்தில் பின்னால் வரப்போகிற இருபது நிமிடத்தின் எடையும் இருக்கிறது. இவர் பெயரே உங்கள் பட்டியலில் இல்லை. 1956இல் பக்கவாதம் வந்து கை விழுந்துபோய், தொகுப்பு பாதியில் நின்றுவிட்டது என்பதால்தானே விட்டுவிட்டீங்க?

பொள்ளாச்சி ரசிகன்

ஆமாங்க டீச்சர், முழுத் தொகுப்பு என்பதை ஒரு அளவுகோலாக வைத்துத்தான் பட்டியல் போட்டேன்.

ஈரோடு தறிக்காரர்

அப்படியென்றால் கிலெல்ஸ் எப்படி நாலாம் இடத்தில் வந்தார்? 1985இல் அவர் காலமானபோது ஐந்து சொனாட்டா பாக்கி. அதில் ஒன்று நீங்கள் உயிராகப் பேசுகிற ஓபஸ் 111. பியானோ கலைஞர் பேக்ஹவுஸ் கதையும் அதேதான். ஸ்டீரியோவில் மறுபடி எல்லாவற்றையும் பதிந்துகொண்டு வந்தவர், ஹாம்மர்கிளாவியரைப் பதிவதற்கு முன்பே 1969இல் போய்விட்டார். அதனால் பெட்டியில் பழைய மோனோ பதிவைச் சேர்த்து விற்கிறார்கள். கிலெல்ஸுக்கு ஒரு நியாயம், சாலமனுக்கு ஒரு நியாயமா?

என் வாதம் வேறு. பெட்டி பெட்டியாக வரிசைப்படுத்துவதே அர்த்தமில்லாத வேலை. 1795 வாக்கில் ஹைடனுக்கு அர்ப்பணித்த ஓபஸ் 2ம், காது கேட்காமல் போன பிறகு 1822இல் முடித்த ஓபஸ் 111ம் ஒரே மனுசன் எழுதியதா என்றே சந்தேகம் வரும். இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே வாசிப்பாளரை எங்கே தேடுவது? அப்பாசியோனட்டா சொனாட்டாவுக்கு ரிக்டர் 1960இல் பண்ணினதைத் தாண்டி எனக்கு இன்னொன்று வேண்டாம். அவர் 32ஐயும் பதிந்தவரே இல்லை, உங்கள் கணக்கில் வரவே மாட்டார். கெம்ஃபிடம் சின்ன சொனாட்டாக்கள் பேசும், ஆனால் அப்பாசியோனட்டாவின் கடைசிப் பக்கத்தில் அவருக்கு மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு சொனாட்டாவுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பனியன் கம்பெனி, திருப்பூர்

தறிக்காரர் அண்ணா சொல்வது பாதி சரி. ஆனால் பட்டியலே வேண்டாம் என்றால், புதிதாக வருகிற பையன் எங்கே தொடங்குவான்? அவன் 32க்கும் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருக்க மாட்டான். ஒரு பெட்டி வாங்குவான், இல்லையென்றால் போனில் ஒரு பெயரைத் தேடுவான்.

சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொள்ளாச்சியில் தென்னந்தோப்புக்கு நடுவில் உட்கார்ந்து கேட்கிற அண்ணாவுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. எங்கள் வீட்டுக்குப் பின்புறச் சுவரை ஒட்டி நிட்டிங் மெசின் இரண்டு ஷிப்டு ஓடுகிறது. அரியெட்டாவின் நாலாவது வேரியேஷனில் (மூல ராகத்தை மாற்றி மாற்றி வாசிக்கிற பகுதிகளில் ஒன்று) இடது கை அடிமட்டத்தில் முணுமுணுக்கும், பியானிஸ்ஸிமோ, அதாவது மிக மெல்லிசாக. ஷ்னாபெல் தட்டில் அந்த இடம் வரும்போது தட்டின் இரைச்சலும் மெசினின் இரைச்சலும் சேர்ந்து, பியானோ எங்கே போனது என்றே தெரியவில்லை. வால்யூமை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது. ஹெட்போனிலும் அதே கதை. பொலினி பதிவில் அந்த முணுமுணுப்பு தெளிவாக வருகிறது, அதற்கு மேலே வலது கை ஏறிப்போய் மினுங்குவதும் வருகிறது. ஒரு பதிவைத் தரம் பிரிக்கும்போது பதிவின் தரத்தை எப்படி ஒதுக்க முடியும்?

பொள்ளாச்சி ரசிகன்

பதிவின் தரத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு பத்து வருசத்துக்கும் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டியதுதான். மைக் நல்லதாகிக்கொண்டே போகும், வாசிப்பு அப்படியா? பழைய நாதஸ்வரத் தட்டில் இரைச்சல் இருக்கிறது என்று யாராவது ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஐந்தாம் இடத்துக்குத் தள்ளுவாங்களா?

பொலினியைப் பற்றி மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாமே கேட்கிறது, உண்மை. ஆனால் அரியெட்டாவின் மூன்றாவது வேரியேஷனில், தாளம் துள்ளுகிற இடத்தில், அவரிடம் துள்ளல் வரவில்லை. கணக்கு சரியாக வருகிறது, சந்தோசம் வரவில்லை. தாளக் குறியை 12/32 என்று பார்க்கப் பயமாக எழுதியிருக்கிற அந்தப் பக்கத்தில் பீத்தோவன் ஆடுகிறார். ஷ்னாபெல் அவரோடு சேர்ந்து ஆடுகிறார்.

மேட்டுப்பாளையத்தான்

யாரும் இதுவரை பியானோவைப் பற்றியே பேசவில்லை. நீங்கள் சொன்ன எல்லாருமே இன்றைய கனமான பியானோவில் வாசித்தவர்கள். பீத்தோவன் அப்பாசியோனட்டா எழுதின காலத்தில் அவர் வீட்டில் இருந்தது 1803இல் பாரிஸிலிருந்து வந்த எரார்டு, ஐந்தரை ஸ்தாயிதான். வியன்னா பியானோக்களோ அதைவிட லேசு. கட்டை ஆழமாக இறங்காது. வால்ட்ஸ்டைன் சொனாட்டாவின் கடைசியில் எட்டு சுர இடைவெளியில் விரலை இழுத்துக்கொண்டே போகச் சொல்லி எழுதியிருக்கிறார். அந்தப் பியானோவில் அது வழுக்கிக்கொண்டு போகும். இன்றைய பியானோவில் விரல் தோல் உரிந்துவிடும், அதனால் பலர் இரண்டு கையாலும் பிரித்து வாசித்துச் சமாளிக்கிறார்கள். ரொனால்ட் பிராட்டிகாம் பழைய மாதிரிப் பியானோக்களில் எல்லாச் சொனாட்டாக்களையும் பதிந்திருக்கிறார். அதை ஐந்து பேரில் ஒருவராகவாவது சேர்க்காமல் பட்டியல் முழுமையாகாது.

சாயிபாபா காலனி பியானோ டீச்சர்

மேட்டுப்பாளையத்துக்காரர் தொட்ட விஷயம்தான் எனக்கு வகுப்பில் தினமும் வருகிற தலைவலி. மூன்லைட் சொனாட்டாவின் முதல் பகுதியைப் பிள்ளைகள் எல்லாருமே இழுத்து இழுத்து வாசிக்கிறார்கள், கேட்டால் ‘யூடியூபில் இப்படித்தான் இருக்கு மிஸ்’ என்கிறார்கள். ஸ்கோரில் இருப்பது பாருக்கு இரண்டு தட்டு, நாலு இல்லை. மேலே, பகுதி முழுவதையும் டாம்பர் இல்லாமல் மிக மென்மையாக வாசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அதாவது கம்பியை அடக்குகிற டாம்பர் இறங்கவே கூடாது. அன்றைய பியானோவில் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும், அதனால் ஒரு மெல்லிய மூட்டம் மட்டும் மிஞ்சும். இன்றைய பியானோவில் பெடலை முழுசாக அழுத்தியே வைத்தால் சேறாகிவிடும்.

ஆண்ட்ராஸ் ஷிஃப் லண்டன் விக்மோர் ஹாலில் 32 சொனாட்டாக்களையும் விளக்கிப் பேசியபோது இதைத்தான் வாசித்துக் காட்டினார். பெடலைக் கொஞ்சமாக மட்டும் அழுத்தி, விடாமல், வேகத்தையும் ஏற்றி. என் மாணவி ஒருத்திக்கு அதைப் போட்டுக் காட்டிய பிறகு, மூன்றாவது பாரில் இடது கை கீழே இறங்குகிற இடத்தில் முந்தின ஸ்வரம் மிச்சமாக ஒட்டிக்கொண்டிருப்பதை அவளாகவே கவனித்துச் சொன்னாள். ஒரு பதிவு இந்த அளவுக்குக் காதைத் திறந்துவிட்டால் அதற்குத்தான் என் முதலிடம். மூன்லைட்டுக்கு ஷிஃப், ஹாம்மர்கிளாவியருக்கு சாலமன். தறிக்காரர் சொன்ன வழியில் நானும் வந்துவிட்டேன்.

பனியன் கம்பெனி, திருப்பூர்

டீச்சர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பிராட்டிகாமில் எனக்கு ஒரு தடை. ஓபஸ் 111க்குப் பழைய பியானோ தாங்கவில்லை. அரியெட்டாவில் நாலாவது வேரியேஷனுக்குப் பிறகு மூன்று ட்ரில் (இரண்டு சுரங்கள் வேகமாக மாறி மாறி அதிர்வது) ஒன்றாக அடுக்கி உச்சத்துக்குப் போகிற இடத்தில் அந்தச் சின்ன வாத்தியத்தில் சத்தம் பற்றவில்லை. பீத்தோவன் தன் கையில் இருந்த பியானோவைத் தாண்டி எழுதினார் என்றுதான் நான் நம்புகிறேன்.

மேட்டுப்பாளையத்தான்

பற்றாமல் முட்டி நிற்பதுதான் அந்த இடத்தின் உயிர். பெரிய பியானோவில் எல்லாம் சௌகரியமாக அடங்கிவிடுகிறது, அந்த முட்டல் காணாமல் போகிறது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

ஈரோடு தறிக்காரர்

பேசிக்கொண்டே போனால் விடியாது. கூடும்போது ஒரு காரியம் பண்ணலாம். அரியெட்டாவில் நாலாவது வேரியேஷனிலிருந்து முடிவு வரை மட்டும், பெயரை மறைத்து மூன்று பேருடைய பதிவைப் போடலாம். யாருடையது என்று தெரியாமல் கேட்டு, பிடித்ததைச் சொல்லலாம்.

பனியன் கம்பெனி, திருப்பூர்

நல்ல யோசனைங்க. ஆனால் ஷ்னாபெல் தட்டை எப்படி மறைப்பது? இரைச்சல் ஆரம்பித்ததுமே எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒரே மாதிரிச் சத்தம் இருக்க வேண்டும் என்றால் கெம்ஃப் மோனோ, சாலமன், பேக்ஹவுஸ் மோனோ என்று 1950களின் பதிவுகளாக எடுத்துக்கொள்ளலாம்.

பொள்ளாச்சி ரசிகன்

ஷ்னாபெலை விட்டுவிட்டு ஷ்னாபெலுக்கு இடம் உண்டா என்று பார்ப்பது எந்த ஊர் நியாயம்? நீங்கள் மூன்றை மறைத்துப் போடுங்க, நானும் கேட்டுச் சொல்கிறேன். அதற்கு முன்னால், பெயர் சொல்லியே, ஷ்னாபெலின் அரியெட்டாவை முதல் சுரத்திலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் போட வேண்டும். வேரியேஷன் நாலிலிருந்து வெட்டி எடுத்தால் அந்த மெதுவான தொடக்கம் என்ன செய்கிறது என்றே தெரியாது. சம்மதம் என்றால் சிடி, ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் நானே வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன்.

சாயிபாபா காலனி பியானோ டீச்சர்

எனக்குச் சம்மதம். ஸ்கோர் பிரதி எல்லாருக்கும் நான் எடுத்து வருகிறேன். மேட்டுப்பாளையத்துக்காரர் பிராட்டிகாமைக் கொண்டு வரட்டும், மறைத்த மூன்றுக்கும் பிறகு அதையும் கேட்டுவிடுவோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஆரம்பித்தால்தான் எல்லாம் முடியும்.