ஸ்னோஷூ முயல் வேட்டை: முயல் கிளம்பிய இடத்திலேயே நில்லுங்கள்

பிப்ரவரியில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தின் வடக்குப் பக்கம் வேட்டைக்குப் போயிருந்தோம். அங்கே குளிர்காலத்தில் வெள்ளையாக மாறும் ஸ்னோஷூ முயலுக்கு அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை வேட்டை சீசன். ஒருவர் ஒரு நாளைக்கு 4 முயல் வரை சுடலாம். பழைய வேட்டைக்காரர் ஒருவர் மோப்பம் பிடித்து முயலைத் துரத்தும் தன் இரண்டு பீகிள் நாய்களோடு வந்திருந்தார்.

ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் கன்றுகள் நெருக்கமாக வளர்ந்த இடத்தில் நாய்களை அவிழ்த்துவிட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பெட்டை நாய் குரல் கொடுத்தது, ஆண் நாயும் சேர்ந்துகொண்டது. பெரியவர் நாய்களின் பின்னால் போகவில்லை. முயல் கிளம்பிய இடத்துக்கே எங்களைக் கூட்டிப் போனார். தாழ்ந்த கிளைக்கடியில் அது படுத்திருந்த பள்ளம் இருந்தது. தொட்டால் பனி அழுந்தி வழுவழுவென்றிருந்தது. இந்த முயலுக்கு வளை கிடையாது. எழுப்பிவிட்டால் பழகிய காட்டுக்குள்ளேயே பெரிய வட்டமடித்து, பெரும்பாலும் கிளம்பிய இடத்தை ஒட்டியே திரும்பி வரும்.

குரைப்பு தேய்ந்து, கேட்காமலே போனது. கால் மரத்துப்போனாலும் அசையாமல் நின்றோம். பிறகு சத்தம் மெல்ல நெருங்கியது. இந்த நேரத்தில் சத்தம் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தால் முயலைக் கோட்டைவிடுவீர்கள். அது நாய்களுக்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். உடம்பு முழுக்க வெள்ளை. கண்ணும் காது நுனியும்தான் கறுப்பு. அந்தக் கறுப்பைத் தேடுங்கள். விழுந்து கிடந்த மரத்தின் பக்கத்தில் அது நகர்ந்ததைப் பார்த்தேன். 20 கேஜ் (குழல் அளவு) சிதறுகுண்டுத் துப்பாக்கி, ஒரே வெடி. கையில் எடுத்தபோது பின்னங்கால் பாதத்தின் அகலத்தைப் பார்த்து அசந்துபோனேன். நாய்கள் வயிறுவரை புதைந்த பனியில் அது மேலாக ஓடியதற்குக் காரணம் அந்தப் பாதம்தான்.

*

இதைப் படித்துவிட்டு எழுதும் இன்னொரு வேட்டைக்காரன் நான்; மேலே அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான வெர்மான்ட்டின் வடகிழக்கு மூலையில் நாங்கள் பார்த்ததையும் சொல்கிறேன். கடும் குளிரில் மாவு போன்ற காய்ந்த பனி என்றால் மோப்பம் நிற்காது, நாய்கள் தடத்தை விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி வரும். பனி லேசாக ஈரமாக இருக்கும் நாள்தான் அருமையான நாள். மேலே பனி உறைந்து ஓடு கட்டியிருந்தால் போகவே வேண்டாம், நாயின் பாதம் கிழிந்துவிடும். விரலிடுக்கில் ஐஸ் கட்டி சேர்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

இன்னொன்று. டிசம்பர் தொடக்கத்தில் ஒருமுறை பனியே விழவில்லை. பழுப்புச் சருகுக்கு நடுவே பளீரென்று வெள்ளை முயல் ஒன்று உட்கார்ந்திருந்தது. பகல் நேரம் குறைவதை வைத்து ரோமம் நிறம் மாறுகிறது. பனி விழுந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அது அசையவே இல்லை, தான் மறைந்திருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது. சுட மனம் வரவில்லை, நாய்களைக் கயிற்றில் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இப்போது தரையில் பனி நன்றாகப் படிந்த பிறகுதான் கிளம்புகிறோம். உங்கள் பக்கம் எப்படி?