வலுசார் உறுதுணைப் பணி: ஒரு முன்மொழிவு

வணக்கம்.

சிக்கலில் இருப்பவரின் குறைகளிலிருந்து அல்ல, அவரிடம் இருப்பதிலிருந்து தொடங்கிச் சமூகப் பணியாளர் அவருக்குத் துணைநிற்கும் முறை 'ஸ்ட்ரெங்த்ஸ் பேஸ்டு கேஸ் மேனேஜ்மென்ட்'. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. 'கேஸ் மேனேஜ்மென்ட்' என்பதற்குச் சிலர் முன்வைத்த 'வழக்கு மேலாண்மை' எனக்கு ஒத்துவரவில்லை. படித்தவுடன் நீதிமன்ற வராந்தாதான் நினைவுக்கு வருகிறது. 'மேலாண்மை'யும் இடிக்கிறது. 1980களில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ராப் முதலானோர் இந்த முறையை வகுத்தார்கள், முதலில் மனநலச் சிக்கலோடு வாழ்பவர்களுக்காக. எந்தத் திசையில் போவது என்பதை உதவி பெறுபவரே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. அப்படியிருக்க, அவரை யார் மேலாள்வது?

நான் சொல்வது 'உறுதுணைப் பணி'. 'துணைப் பணியாளர்' என்றால் உதவியாளர் பதவி போல ஆகிவிடும். 'உறுதுணைப் பணியாளர்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

அடுத்து 'ஸ்ட்ரெங்த்'. 'திறன்' போதாது. வேலை போன ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். வழக்கமான படிவம் வாடகை பாக்கி, கடன், படிப்பு இல்லை என்று குறைகளாகவே நிரம்பும். இந்த முறையில் கேள்விகளே வேறு: இப்போது கைவசம் என்ன இருக்கிறது, என்ன வேண்டும், முன்பு எது கைகொடுத்தது? அப்போதுதான் அவர் ஒரு கடையில் கணக்கு எழுதியவர் என்பதும், மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் இருக்கிறார் என்பதும் வெளியே வரும். நாத்தனாரைத் 'திறன்' என்று சொல்ல முடியாதே! 'வலு' என்றால் ஆளும் அடங்கும், அனுபவமும் அடங்கும். 'பலம்' வைக்கலாம்தான், ஆனால் பலத்தின் வழி என்ற பொருளில் 'பலவழி' என்று சேர்த்தால் பல வழிகள் என்று படிப்பார்கள். 'வலுவூட்டல்' வேறு சங்கதி, அது வெளியிலிருந்து ஊட்டுவது. ஆகவே, வலுசார் உறுதுணைப் பணி. மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டுப் பதிவதற்கு 'வலுக் கணக்கெடுப்பு'.

இந்தப் பணியின் இலக்கு, உதவி பெறுபவர் சொந்தக் காலில் நிற்பது. அதற்கு 'தன்னிறைவு' வேண்டாம், 'தற்சார்பு' போதும். தன்னிறைவு என்றால் யாருமே தேவையில்லை என்ற தொனி வந்துவிடுகிறது. நாத்தனார் இல்லாமல் அந்தத் தாயால் வேலைக்குப் போக முடியாது. ஆனாலும் மாதாந்திர உதவித்தொகை இல்லாமல் வீட்டை ஓட்டினால் அது தற்சார்புதான். இயற்கை வேளாண்மைக்காரர்கள் இந்தச் சொல்லை முன்பே எடுத்துக்கொண்டார்கள் என்பீர்கள். இருக்கட்டும், பங்குபோட்டுக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது, உதவி பெறுபவரைக் குறிக்கும் 'கிளையன்ட்'. 'கட்சிக்காரர்' வக்கீலிடம் போய்விட்டார். 'பயனாளி' வெறுமனே வாங்கிக்கொள்பவராகத் தெரிகிறார். இப்போதைக்கு 'குடும்பத்தார்' என்றே எழுதிவருகிறேன். தனியாக வாழ்பவருக்கு அது பொருந்தாது. வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.