வான்கோழி வேட்டைக்கு எந்த பிராட்ஹெட் (பிளேடு வைத்த அம்பு முனை) வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. டெக்சஸில் இந்த வசந்தகால வான்கோழி சீசனுக்கு வில்லோடு போகிறேன். காம்பவுண்ட் வில் (கப்பிகள் வைத்த வில்), 50 பவுண்டு இழுவிசை. அம்பு முனையில்தான் குழப்பம்.

ஆண் வான்கோழி இறகை விரித்து நின்றால் ஆள் பெரிதாகத் தெரியும். ஆனால் இதயமும் நுரையீரலும் இருப்பது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், ஒரு கைப்பிடி அளவுக்குத்தான். சற்றுத் தவறினாலும் காயத்தோடு பறந்து புதருக்குள் போய்விடும். அப்படி ஒரு பறவையைத் தவிக்க விட எனக்கு மனசே வராது. அதனால் பட்டதும் விரிந்து 2 அங்குலம் வெட்டும் முனை நல்லது என்று நினைக்கிறேன். விரிவதற்கே கொஞ்சம் விசை போய்விடுமே, 50 பவுண்டு தாங்குமா? இல்லை, 100 கிரெய்ன் (சுமார் 6.5 கிராம்) எடையில், விரியாத நிலையான பிளேடே போதுமா?

அப்புறம், கழுத்தைக் குறிவைக்கும் நீளமான பிளேடு முனைகளை யாராவது எய்திருக்கிறீர்களா? 15 கஜம் தாண்டியும் நேராகப் போகிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.