மரியாச்சிக் குழுவை நேரில் கேட்டவர்கள் சொல்லுங்கள்

மரியாச்சி என்பது மெக்சிகோவின் நாட்டார் இசைக்குழு. மெக்சிகோ நகரத்தின் கரிபால்டி சதுக்கத்தில் மேடையும் இல்லை, நாற்காலியும் இல்லை. வெள்ளிப் பொத்தான்கள் வரிசை கட்டிய சாரோ உடையில், அதாவது மெக்சிகோக் குதிரைக்காரர்களின் உடையில், குழுக்கள் நின்றபடியே ஆள் பார்க்கின்றன. பாட்டுக்கு இவ்வளவு என்று பேசித்தான் அமர்த்த வேண்டும்.

நான் விலை கேட்பதற்குள் ஒரு குடும்பம் முந்திக்கொண்டது. பாட்டிக்குப் பிறந்தநாளாம், பேரன் தானே பாடுவேன் என்று நின்றான். வயலின்காரர் அவனை இரண்டு வரி முனகச் சொல்லிக் கேட்டார், சுருதியை மற்றவர்களுக்குச் சொன்னார், குழு முழுவதும் அதில் இறங்கிவிட்டது. யார் கையிலும் எழுதிய தாள் இல்லை. பையன் இழுத்த இடத்தில் அவர்களும் இழுத்தார்கள், ஓடிய இடத்தில் ஓடினார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கை என்று இதை ஒதுக்குகிறவர்கள் அங்கே நின்றிருக்க வேண்டும்.

என்னைக் கட்டிப்போட்டது கித்தாரோன் என்ற பெரிய கிட்டார். முரசு, மேளம் எதுவும் இந்தக் குழுவில் கிடையாது. தாளத்தைத் தாங்குவது விவேலா என்ற ஐந்து தந்திச் சிறு கிட்டாரும், பானை வயிறுள்ள இந்த ஆறு தந்தி வாத்தியமும்தான். ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் ஒருசேர இழுத்து வாசிக்கிறார்கள். பக்கத்தில் நின்றால் நெஞ்செலும்பு அதிர்கிறது.

•

நான் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் வேலை பார்த்தவன். அங்கே என் முதல் மரியாச்சி, உடன் வேலை செய்தவருடைய தந்தையின் இறுதி ஊர்வலத்தில். கல்லறை வரை வாசித்துக்கொண்டே நடந்தார்கள். ஹுவான் கப்ரியேல் எழுதிய 'அமோர் எத்தெர்னோ' (நித்தியக் காதல்) பாட்டு தொடங்கியதும் அதுவரை அழாதவர்களும் அழுதார்கள். முடிந்ததும் குழுவினர் கைகொடுத்துவிட்டு வேனில் ஏறினார்கள். அடுத்தது கல்யாண வீடு, அதே உடை.

•

டிரம்பெட்டுக்கு நேர் எதிரே மட்டும் உட்காராதீர்கள். மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலக் கிராமங்களில் மரியாச்சி முன்பு தந்தி வாத்தியக் குழுவாகத்தான் இருந்தது. 1930களில் வானொலி பரவிய காலத்தில்தான் டிரம்பெட் நிலையாக உட்கார்ந்தது. எனக்கென்னவோ வயலின்களை அது விழுங்கிவிடுகிறது என்றே படுகிறது.

போகிறவர்கள் நவம்பர் 22 அன்று போங்கள். இசைக்கலைஞர்களின் காவல் புனிதையான செசிலியாவின் திருநாள். கரிபால்டியில் அவளுக்காகவே வாசிப்பார்கள். இரண்டு உலோகக் குழாய்களைத் தட்டிக்கொண்டு யாராவது உங்களிடம் வந்தால் அவர் இசைக்கலைஞர் அல்லர். காசு வாங்கிக்கொண்டு, தாங்கிப் பார்க்கும் விளையாட்டாக, மின்அதிர்ச்சி கொடுக்கிறவர்.