‘புரொப்ரைட்டரி காலனி’: ‘தனியார் குடியேற்றம்’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் அமெரிக்க வரலாற்றுக் கலைச்சொல் பட்டியலில் ‘புரொப்ரைட்டரி காலனி’க்கு (இங்கிலாந்து அரசர் ஒரு பிரபுவுக்கோ தனி மனிதருக்கோ ஆளும் அதிகாரத்தோடு கொடுத்த குடியேற்றம்) நேராகத் ‘தனியார் குடியேற்றம்’ என்று போட்டிருக்கிறோம், அதை எடுத்துவிட வேண்டும். தனியார் என்றதும் படிக்கிற பிள்ளைகளுக்குக் கம்பெனிதான் நினைவுக்கு வரும். கம்பெனி நடத்திய குடியேற்றம் வேறு வகை, 1624 வரை வர்ஜீனியா அப்படித்தான் இருந்தது.

மேரிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1632இல் முதலாம் சார்லஸ் அதைப் பால்டிமோர் பிரபு செசில் கால்வெர்ட்டுக்குக் கொடுத்தபோது, நிலத்தோடு சேர்த்து நீதிமன்றம் வைக்கவும் அதிகாரிகளை நியமிக்கவும் படை திரட்டவும் அதிகாரம் கொடுத்தார். இங்கிலாந்தின் டர்ஹாம் ஆயருக்கு (பிஷப்) இருந்த அதிகாரமெல்லாம் இவருக்கும் உண்டு என்பது பட்டயத்திலேயே, அதாவது அரசர் எழுதிக் கொடுத்த உரிமை ஆவணத்திலேயே, இருக்கிறது. ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய வடக்குப் பகுதி என்பதால் இடைக்காலத்திலேயே அந்த ஆயர் கிட்டத்தட்ட அரசர் மாதிரி ஆண்டுகொண்டிருந்தார், அந்தப் பழைய இங்கிலாந்து ஏற்பாடுதான் கடல் தாண்டிப் போனது. பதிலுக்கு அரசருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு இரண்டு அம்புகள், வின்சர் கோட்டையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தங்கமோ வெள்ளியோ கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கு. ஆக, கைமாறியது ஆளும் உரிமை.

அதனால் ‘ஆட்சியுரிமைக் குடியேற்றம்’ என்கிறேன், அதை வைத்திருப்பவர் ‘ஆட்சியுரிமையர்’. ‘ஆளுரிமை’ சின்னதுதான், ஆனால் ‘ஆள் உரிமை’ என்று பிரித்துப் படித்துவிடுவார்கள்.

இதற்கு ‘ஜமீன் குடியேற்றம்’ என்று வைக்கலாம் என்ற யோசனையும் எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டம் இயற்றச் சுதந்திரக் குடிகளின் ஒப்புதல் வேண்டும் என்று அதே பட்டயம் சொல்கிறது. 1638இல் பால்டிமோர் இங்கிலாந்திலிருந்து எழுதி அனுப்பிய சட்டங்களை அங்கே கூடிய மன்றம் ஏற்க மறுத்தது, அப்புறம் அவர்தான் இறங்கி வந்தார். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அரசர் சட்டம் போடக்கூடாது என்று இங்கிலாந்தில் பழகியிருந்த மக்கள் போன இடத்திலும் அதையே கேட்டார்கள். ஜமீன் என்று எழுதினால் இந்தப் பாதி மறைந்துபோகும்.

பென்சில்வேனியாவும் (1681) இந்த வகைதான். வில்லியம் பென்னின் அப்பாவுக்கு அப்போதைய அரசர் தரவேண்டிய கடனுக்கு ஈடாகப் பென்னுக்குக் கொடுக்கப்பட்டது.

இன்னொன்று, ‘சார்ட்டர் காலனி’க்கு வெறும் ‘பட்டயக் குடியேற்றம்’ போதாது, பட்டயம் மேரிலாந்துக்கும் இருந்ததே. கனெக்டிகட்டிலும் ரோட் ஐலண்டிலும் அது குடியேறியவர்கள் கையிலேயே இருந்தது, ஆளுநரையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். ‘தன்னாட்சிப் பட்டயக் குடியேற்றம்’ என்று வைக்கலாமா? நீளம்தான், இதைவிடச் சின்னதாக யாராவது சொன்னால் அதையே ஏற்றிவிடலாம்.