"கட்டணமே வேண்டாம்" என்கிறார் ஆலோசகர்: என்ன கேட்க வேண்டும்?

குடந்தை வாசு:
அம்மா மார்ச் மாதம் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றார். 18 லட்சம் வங்கியில் கிடக்கிறது. மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கே வந்தார். காப்பி ஆறுவதற்குள் நான்கு மியூச்சுவல் ஃபண்டுகளின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். "நீங்க எனக்கு ஒரு பைசா தர வேண்டாம்" என்கிறார். கார்டில் 'வெல்த் அட்வைசர்', கீழே ஏ.ஆர்.என். என்று தொடங்கும் எண். இவர் எங்களிடம் எதையெல்லாம் சொல்லியாக வேண்டும்?

பழைய கணக்கர்:
ஒரு ஆலோசகரின் அலுவலகத்தில் ஆறு வருஷம் ஃபைல் பார்த்தவன் நான். ஏ.ஆர்.என். என்றால் ஃபண்டு விற்பவர். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவான ஆலோசகரின் எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். அது இல்லாமல் 'வெல்த் அட்வைசர்' என்று போட்டுக்கொள்ளவே கூடாது. 2020-இல் வந்த திருத்தம் இது. ஆக, முதல் பொய் கார்டிலேயே இருக்கிறது.

பதிவான ஆலோசகர் என்றால் 2013 விதிகளின்படி தன் மீதான ஒழுங்கு நடவடிக்கைகள், சொல்லும் முதலீட்டில் தனக்கு இருக்கும் பங்கு, யாரோடு தொடர்பு என்பதையெல்லாம் சொல்லியாக வேண்டும். ஏ.ஐ. பயன்படுத்தினால் அதையும். ஒரே வாடிக்கையாளரிடம் கட்டணம், ஃபண்டிடம் கமிஷன் என்று இரண்டு பக்கமும் வாங்க முடியாது.

விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு, யாரும் கேட்பதில்லை. அவர் சொல்லும் ஃபண்டுக்கு மட்டுமில்லை, அதற்குப் போட்டியான மற்ற ஃபண்டுகளுக்கும் தனக்கு எவ்வளவு கமிஷன் என்று சொல்ல வேண்டும். 2009-லேயே செபி சொன்னது. அதை எழுதிக் கேளுங்கள்.

மீனா, திருச்சி:
நானும் 'இலவசம்' என்றுதான் நம்பினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் கமிஷன் என்று ஒரு கட்டம் இருக்கும். என் அறிக்கையில் 7,400 ரூபாய், விற்றவருக்குப் போனது. என் பணத்திலிருந்துதான். விற்பவர் இல்லாமல் ஃபண்டு நிறுவனத்திடமே நேராக வாங்கும் டைரக்ட் பிளானில் இது போகாது. ஆனால் எல்லாம் நாமே பார்க்க வேண்டும். என் அப்பாவால் அது முடியாது, அதனால் விற்பவர் மூலம் வாங்கும் ரெகுலர் பிளானிலேயே விட்டுவிட்டேன்.

குடந்தை வாசு:
வாட்ஸ்அப்பில் கேட்டேன். நான்கில் மூன்றுக்குத் தொகை சொன்னார். நான்காவது "புது ஃபண்டு, இன்னும் தெரியாது" என்றார். அம்மா கேட்கிறார்: "தெரியாததை எப்படிப்பா எனக்கு எழுதிக் கொடுத்தார்?"