ரெண்டு சூறாவளியும் சேந்து திருமலைக்கு (திருகோணமலைக்கு) வருமா? காத்து மேப் விளங்கின ஆராவது சொல்லுங்கோ

திருக்கடலூர் வள்ளம்:
வணக்கம். போன்ல காத்து மேப் போட்டுப் பாக்கிறன், எங்கட பக்கம் வங்காள விரிகுடாவில ஒரு சுழி, அதுக்கு நேர கீழ இன்னொண்டு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சைஸ். மேல் சுழிட பாதை வேளைக்கு ஒண்டா மாறுது, நேத்து முல்லைத்தீவு எண்டுது, இண்டைக்கு விடிய மட்டக்களப்பு, இப்ப பாத்தா கடல்லயே வளைஞ்சு ஆந்திரா பக்கம் போகுது. இதுக்குள்ள வாட்ஸப்பில ஒரு வொய்ஸ் சுத்துது, ரெண்டும் ஒட்டி டபுள் பவரில திருமலைக்குள்ள ஏறுமாம், ஜப்பான்காரன் ஒருத்தன் கண்டுபிடிச்ச விளைவாம். மாமாட வள்ளம் கரையில நிக்குது, ரோட்டடிக்கு இழுக்க எட்டுப் பேர் வேணும். போன கிழமையும் என்ட பேச்சக் கேட்டு இழுத்துப் போட்டு ஒண்டும் வரேல்ல, நாலு நாள் தொழில் போச்செண்டு இன்னும் திட்டு விழுது. இழுக்கவா விடவா?

குச்சவெளியான்:
யோசிக்காம இழுங்கோ. 2020ல புரெவிச் சூறாவளி எங்கட பக்கத்தாலதான் ஏறினது, அண்டைக்கு ராத்திரி தகரம் அடிச்ச சத்தம் இன்னும் காதுக்குள்ள நிக்குது.

மழைக்கணக்கு:
தம்பி, முதல்ல ரெண்டு விசயம் பாத்துச் சொல்லும். கீழ் சுழிட நடுவில விரல அமத்திப் பிடிச்சா அட்சரேகை காட்டும், அது எத்தினை? அம்புக்குறியள் மணிக்கூட்டு முள்ளு மாதிரிச் சுத்துதா, எதிர்ப்பக்கமா?

திருக்கடலூர் வள்ளம்:
8.9 எண்டு கிடக்கு அண்ணை, ஆனா முன்னுக்கு ஒரு கழித்தல் அடையாளம். மணிக்கூடு மாதிரித்தான் சுத்துது. மேல் சுழி 9ல நிக்குது, அது மற்றப் பக்கம் சுத்துது.

மழைக்கணக்கு:
அந்தக் கழித்தல் அடையாளத்திலதான் விசயமே இருக்கு. கீழ் சுழி மத்தியகோட்டுக்குத் தெற்கால நிக்குது. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் எண்டு பெருக்கிப் பாரும், ரெண்டுக்கும் நடுவில 2000 கிட்ட வரும், போன் ஸ்கிரீன்ல அது ரெண்டு விரல் அகலம், அதுதான் உமக்கு ஒட்டிக்கொண்டு நிக்கிற மாதிரித் தெரியுது. மத்தியகோட்டுக்குக் கிட்ட பூமிட சுழற்சி குடுக்கிற திருப்பம் இல்லாமப் போறதால சூறாவளி அதைத் தாண்டி இஞ்சால வாறதில்ல. இதை இரட்டைச் சூறாவளி எண்டு சொல்லுவினம், மத்தியகோட்டு வழிய மேற்குக் காத்து பலமாத் தள்ளேக்க வடக்கால ஒண்டு தெற்கால ஒண்டு எழும்பும். 2019ல ஃபானியும் லோர்னாவும், 2022ல அசானியும் கரிமும் அப்பிடித்தான். ஃபானி தன்ட பாட்டில ஒடிசா பூரிக்குப் போச்சுது, லோர்னா தெற்கிலயே கிடந்து அடங்கிச்சு.

மூதூர் டீச்சர்:
அப்ப அந்த ஜப்பான் விளைவு பொய்யா? பிள்ளையள் வகுப்பில கேக்குதுகள், எனக்கு விளங்கப்படுத்தத் தெரியேல்ல.

மழைக்கணக்கு:
பொய்யில்ல டீச்சர், இந்த இடத்துக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். புஜிவாரா எண்டவர் 1921ல தண்ணிச் சுழியள வச்சு எழுதினது. பெரிய பேசின்ல தண்ணி நிரப்பி, ரெண்டு கையாலயும் ஒரே பக்கமா ரெண்டு சுழி போட்டுட்டு கையை எடுங்கோ, ரெண்டும் நடுவில ஒரு புள்ளிய வச்சு ஒண்டையொண்டு சுத்தும், கும்மியடிக்கிற பிள்ளையள் மாதிரி. எதிரெதிராச் சுத்திவிட்டா அப்பிடிச் சுத்தாது, பக்கத்தில பக்கத்தில ஒரே திசைக்கு ஓடும். கடல்லயும் ஒரே அரைக்கோளத்தில, சுமார் 1400 கிலோமீட்டருக்குள்ள வந்தாத்தான் இந்தச் சுத்தல் தொடங்கும், எங்கட பக்கமெண்டா மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில. ஒண்டு பெருசு மற்றது சின்னன் எண்டா பெருசு சின்னன விழுங்கிப்போடும், 2021 ஏப்ரல்ல அவுஸ்திரேலியாவுக்கு மேற்கால செரோஜா எண்ட சூறாவளி ஒடெற் எண்ட சின்னதை விழுங்கினது போல. விழுங்கினாப் போல ரெண்டு மடங்கு பலம் வராது, பொதுவா மிஞ்சினது பெருசுட காத்துத்தான். உண்மையில பயப்பட வேண்டியது பாதை குழம்புறதுக்கு. 2009ல மெலோர் எண்ட சூறாவளி கிட்ட வந்ததால 'பர்மா' (Parma) எண்டு பேர் வச்ச மற்றச் சூறாவளி போக வழி தெரியாம பிலிப்பைன்ஸ் லூசோனையே திரும்பத் திரும்ப மிதிச்சுது.

திருக்கடலூர் வள்ளம்:
அப்ப கீழ் சுழியால இல்லையெண்டா மேல் சுழிட பாதை ஏன் இப்பிடி மாறுது?

மழைக்கணக்கு:
சூறாவளிக்குச் சொந்தக் கால் இல்ல தம்பி, சுத்தியுள்ள பெரிய காத்துத்தான் அதைக் கொண்டு போறது. வடக்கால உயரமுக்கம் (காத்தமுக்கம் கூடின இடம்) பலமா நிண்டா மேற்கால எங்களிட்டத் தள்ளும், அது விலகினா வடக்கால வளையும். இப்ப தள்ளுற காத்து பலமில்ல, அதால பாதையச் சொல்லுற ஒவ்வொரு கம்பியூட்டர் கணக்கும் ஒவ்வொண்டச் சொல்லுது. அந்த ஒத்தைக் கோட்டப் பாக்காதையும், வளிமண்டலவியல் திணைக்களம் கடலுக்குப் போகவேண்டாமெண்டு சொன்னாப் போகவேண்டாம். அவசரமெண்டா அனர்த்த முகாமைத்துவ நிலையத்திட 117க்கு அடியும். வள்ளத்த இழும். ஆபத்து வர ரெண்டும் ஒட்டவேணுமெண்டு இல்ல, மேல உள்ள ஒண்டே காணும்.

குச்சவெளியான்:
நானும் அதைத்தானே முதல்ல சொன்னன் 😀

திருக்கடலூர் வள்ளம்:
இழுத்தாச்சு, ஒன்பது பேர் வந்தாங்கள். மாமாவுக்கு பேசின் கதையச் சொன்னன், இப்ப மாமிட உடுப்புத் தோய்க்கிற பேசின்ல ரெண்டு கையையும் விட்டுச் சுத்திக்கொண்டு இருக்கிறார், மாமி உள்ளுக்க இருந்து கத்துறா.